மிஷின் ஓடும் வீட்டில் கலந்த பாட்டு

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. கோயமுத்தூருக்குக் கிழக்கே பனியன் ஊரில், ராயபுரத்துச் சந்து ஒன்றில், கீழ்த்தளத்தில் நிட்டிங் மிஷின்கள், மாடியில் நாங்கள். பனியன் துணி பின்னும் அந்த மிஷின்கள் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று ஓடிக்கொண்டே இருக்கும். தரையில் வைத்த தண்ணீர் டம்ளர் தானாக நகரும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது. பிறகு பழகிவிட்டது. பழகியது என்றால், சத்தத்தைப் பொறுத்துக்கொண்டோம் என்று அர்த்தமில்லை. அது எங்கள் காதில் விழுவதே நின்றுவிட்டது. வெள்ளகோவிலிலிருந்து என் அக்கா வந்தால், "ஏனுங்க, இந்தச் சத்தத்துல எப்படிங்க தூங்கறீங்க?" என்று என் கணவரைக் கேட்பாள். அவர் உண்மையாகவே புரியாமல், "எந்தச் சத்தமுங்க?" என்பார்.

மிஷின்கள் என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. பேருக்குத்தான் பொது. ஆர்டர் பிடிப்பது, நூல் எடுப்பது, ஆளை வைப்பது, ஆளை நிறுத்துவது எல்லாம் அண்ணன்தான். அடுத்த வீட்டில் இருந்தார். அவரை நாங்கள் பெரியவர் என்போம். என் கணவர் அவருக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் கோயமுத்தூரில் பி.ஏ. படித்தவள். அந்தப் படிப்பை வைத்து அந்த வீட்டில் நான் எதையும் தீர்மானித்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஒரே மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். முடித்த கையோடு, பாட்டுக் கலக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான். எனக்கு விளங்கவில்லை. பாடப் போகிறானா, வாசிக்கப் போகிறானா என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லீங்கம்மா. பாடுனதையும் வாசிச்சதையும் ஒண்ணாச் சேக்கறது. எது முன்னால நிக்கோணும், எது பின்னால நிக்கோணும்னு பாத்துப் பாத்துச் சேக்கோணும். அதுக்குன்னு மெட்ராஸ்ல படிப்பே இருக்குது."

"அதுக்கொரு படிப்பா?"

"நீங்க கேக்கற பாட்டெல்லாம் தானா சேந்துக்குச்சா?"

மாடியில் கடைசி அறையை எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டு கேசட் டெக் ஒன்று. மைக் செட் கடையில் கழித்துக் கட்டிய டெக் இன்னொன்று. அதே கடையில் மூலையில் கிடந்த, சத்தங்களைக் கலக்கும் சின்ன மிக்ஸர். அதில் ஒரு சேனல் எரிந்துபோயிருந்தது. சர்ச்சில் வாசிக்கும் நண்பன் ஒருவன் கீபோர்டை இரவல் கொடுத்தான். சொல்லிக்கொடுக்க யாருமில்லை. குரலை ஒரு கேசட்டில் பதிவு செய்வான். அதை ஓடவிட்டு, கூடவே கீபோர்டை வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு கேசட்டில் பிடிப்பான். அதை மறுபடி ஓடவிட்டு அதன்மேல் உடுக்கைத் தாளம். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் கேசட்டின் இரைச்சல் கொஞ்சம் கூடும். முதலில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே போனான். குரல் கேட்கவில்லை என்று குரலை ஏற்றினால் உடுக்கை அமுங்கும். உடுக்கையை ஏற்றினால் மிக்ஸரின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், எல்லாம் கரகரக்கும். வாரக்கணக்கில் இதிலேயே கிடந்து, ஒரு நாள் அடுப்படிக்கு ஓடிவந்தான்.

"ஒண்ணு கேக்கலீன்னா அதை ஏத்தக் கூடாதுங்கம்மா. அதை மறைக்கிறது எதுன்னு பாத்து, அதை இறக்கோணும்."

அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

பெரியவருக்கு அந்த அறையைப் பார்த்தாலே சிரிப்பு. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"என்ன கண்ணு, மைக் செட் கடை வெக்கறயா? நம்ம சாதி சனத்துச் சீருக்கெல்லாம் நீயே ஏணி போட்டுக் குழாய் கட்டிருவயா? மிஷின்ல ஊசி மாத்தத் தெரியாது, இதுல திருகத் தெரியுதாக்கும்."

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழநிக்கு நடந்து போகும் கூட்டத்துக்கு அவர்தான் குருசாமி. மாலை போட்டு, காவி வேட்டி கட்டி, அவர் முன்னால் பாடிக்கொண்டு போவார். கூட்டம் பின்பாட்டுப் பாடும். பாட்டெல்லாம் அவரே கட்டியது. நல்ல குரல், அதை மறுக்க முடியாது. மற்ற ஊர்க் கூட்டங்கள் வண்டியில் கேசட் போட்டுக்கொண்டு வரத் தொடங்கியிருந்தன. தன் குரலும் கேசட்டில் வரவேண்டும் என்று அவருக்கு. கோயமுத்தூருக்குப் போய்ப் பதிவு செய்யக் கூச்சம்.

ஒரு மார்கழி காலையில், என் கணவரையும் என்னையும் வைத்துக்கொண்டு அவனிடம் சொன்னார்:

"எம் பாட்டைப் பிடிச்சுக் குடு. பூசத்துக்கு வண்டீல போடறோம். நாலு பேரு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா மெட்ராஸுக்கு நானே அனுப்பறேன். நல்லா இல்லீன்னா இந்தக் கருமாந்தரத்தையெல்லாம் கட்டிப் போட்டுட்டுக் கீழ வந்து மிஷின்ல நில்லு. சரியா?"

"சரிங்க பெரியப்பா" என்றான். என் கணவர் தலையாட்டினார். அவன் எங்கே போவான், என்ன ஆவான் என்பது அப்படித்தான் ஒரு கேசட்டில் போய் நின்றது.

மார்கழி முழுக்க வேலை செய்தான். பெரியவர் குளித்துவிட்டு வந்து பாடுவார்; கதவை அடைத்து, ஜன்னலில் மெத்தை சாத்திப் பதிவு செய்வான். கீழே மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மைக்கில் அது ஏறாமலிருக்க அவன் பட்ட பாடு பெரிது. பதிவில் ஏறவுமில்லை. பிறகு உட்கார்ந்து கலந்தான். உடுக்கை போதவில்லை என்று, தடித்த சத்தத்துக்கான பாஸைக் கூட்டினான். வார்த்தை தெளிவாக இல்லை என்று, கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிளைக் கூட்டினான். என்னைக் கூப்பிட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரவைப்பான். வார்த்தை தெளிவாக இருந்தது. உடுக்கை நெஞ்சில் அடித்தது. நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் கேட்டார், நன்றாக இருந்தது. பெரியவர் கீழே மிஷின்களுக்கு நடுவில் இருந்த தன் மேஜையில் போட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எங்குரலா இது?" என்று கேட்டு, மிஷின்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். அத்தனை பேருக்கும் நன்றாகவே இருந்தது.

பூசத்துக்குக் கிளம்பினோம். ஆணும் பெண்ணுமாகப் பெரிய கூட்டம். கூடவே ஒரு டெம்போ. அதில் அரிசி, பாத்திரம், ஜெனரேட்டர், ஆம்ப்ளிஃபையர். பின்பக்கம் நடக்கிறவர்களைப் பார்த்தபடி இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர்கள். மாலை போட்ட பிறகு ஒருவரையொருவர் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக் கூடாது. எல்லாரும் சாமி. பெண்டாட்டிக்குப் புருஷன் சாமி, அப்பனுக்கு மகன் சாமி. கோபப்படக் கூடாது, கடுஞ்சொல் சொல்லக் கூடாது, குருசாமி சொன்னதை மறுக்கக் கூடாது. என் மகன் மெட்ராஸ் போகவேண்டும் என்று, பழநி வரைக்கும் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருந்தான்.

ஊருக்குள் கேசட் ஓடியபோது ஒரு குறையும் தெரியவில்லை. பஸ் சத்தம், லாரி சத்தம், இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிச் சத்தம். கடை வாசலில் நின்றவர்கள் கும்பிட்டார்கள். "குருசாமி குரலுங்களா? சினிமாப் பாட்டாட்ட இருக்குதுங்க" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அவன் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அன்று மதியத்துக்குமேல் வேறு கூட்டங்களும் சேர்ந்துகொண்டதால் கேசட்டை நிறுத்திவிட்டு அரோகரா போட்டுக்கொண்டு நடந்தோம்.

மறுநாள் குண்டடம் தாண்டியதும் மறுபடி போட்டார்கள். அந்தப் பக்கம் ரோட்டுக்கு இரண்டு புறமும் வெறும் மேய்ச்சல் காடு. முள்வேலி, அங்கங்கே வெள்வேல மரம், நாலு ஆடு. காற்றுகூட இல்லை. அப்படி ஒரு அமைதியில் அந்தக் கேசட்டை அதுவரை யாரும் கேட்டதில்லை, கலந்தவன் உட்பட.

பாட்டுத் தொடங்கியது. உடுக்கை உடுக்கையாக இல்லை. கூரைமேல் மூட்டை விழுவதுபோல இடித்தது. அதற்குமேல் குரல், தகரத்தைத் தகரத்தால் கீறுவதுபோல. பெரியவர் சரவணா என்று பாடியிருந்த இடத்திலெல்லாம் அந்த முதல் எழுத்து சீறிக்கொண்டு வந்தது. நான் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தேன். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பின்னால் முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு பேச்சுக் கிளம்பியது.

"ஏனுங்க சாமி, குருசாமி தொண்டையக் கிரைண்டர்ல போட்டு ஆட்டீட்டாங்களா?"

"உடுக்கைங்களா அது? நானு கல்லு லாரி கொட்டுதுன்னு ஒதுங்கீட்டேனுங்க."

"ஆட்டுக்குட்டியாட்டக் கத்தறாருங்க பாவம். யாராச்சும் புல்லுப் போடுங்க சாமி."

கூட வந்த சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "ஸ்ஸ்ஸரவணா, ஸ்ஸ்ஸரவணா" என்று ஒவ்வொரு அடிக்கும் சேர்ந்து சீறினார்கள். அவர்களை அதட்ட வேண்டிய பெற்றோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பெரியவர் கையைத் தூக்கினார். வண்டி நின்றது, பாட்டு நிற்கவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. மாலை போட்டிருக்கும்போது கோபப்படக் கூடாதல்லவா. என் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, பணிவாகப் பேசினார்.

"சாமி, இதைக் கலக்குனது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க பெரியப்பா."

"பெரியப்பா இல்லீங்க. சாமி."

"ஆமாங்க சாமி. என்னமோ ஆயிருச்சுங்க. நிறுத்தீரலாமுங்க. வேற கேசட் இருக்குதுங்க."

"முருகன் பாட்டைப் பாதீல நிறுத்தறதுங்களா? தப்புங்க சாமி. பழநி வரைக்கும் இதே ஓடட்டும். நீங்க வண்டீல ஏறி உக்காருங்க. பாட்டுக்காரர் ஆருன்னு சனம் பாக்கோணுமல்ல."

"நான் நடந்து வாரேன்னு வேண்டியிருக்கறேனுங்க."

"ஏறுங்க சாமி. அந்தப் பாவம் எனக்குச் சேரட்டும்."

சுற்றிலும் சிரித்தார்கள். அவன் தன் அப்பாவைப் பார்த்தான். என் கணவர் காலில் முள் குத்தியதுபோலக் குனிந்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஏறினான். உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் உட்காரப் போனவனை, "அங்கீங்களா? ஒளிஞ்சுக்கிட்டா எப்படிங்க?" என்று பெரியவர் வெளியே வரச் சொன்னார். பின்கதவைத் தொங்கவிட்டு, அதன் விளிம்பில், கூட்டத்தைப் பார்த்தபடி உட்காரவைத்தார். அவனுக்கு இடது பக்கமிருந்த குழாயின் வாய் அவன் காதுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துக்கொண்டவனிடம், "சத்தம் பத்தலீங்க சாமி. கடைசீல நடக்கறவங்களுக்கும் விளங்கோணும்" என்றார். சத்தம் ஏறியது.

அன்று முழுக்க அந்த வண்டி ஊர்ந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டார்கள். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. பிடி விட்டால் விழுந்துவிடுவான் என்பதால் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். காதைப் பொத்தக் கை இல்லை. ஒரு தடவை தோளை உயர்த்தி இடது காதை அதில் அழுத்திக்கொண்டான். உடனே ஒருவர், "பாருங்க சாமி, பாட்டுக்காரருக்கே பாட்டுப் பிடிக்கலீங்க" என்றார். அவன் தோளை இறக்கிக்கொண்டான். எதிரே வந்த ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். பெரியவரே விளக்கம் சொன்னார்: "எந்தம்பி மகனுங்க. மெட்ராஸ் போறாருங்க, இதைப் படிக்க."

நான் கூட்டத்தைத் தாண்டி முன்னால் போனேன். மாமா என்று வாய்வரை வந்ததை மாற்றி, "சாமி, பையனுக்குத் தலை வலிக்குதாட்ட இருக்குதுங்க. கொஞ்சம் உள்ள உக்காரட்டுமுங்க" என்றேன்.

பெரியவர் நடையை நிறுத்தவில்லை. "சாமி பாட்டுக் கேட்டாத் தலை வலிக்குமுங்களா? படிச்சவங்க நீங்க, எனக்குத் தெரியலீங்க" என்றார். பக்கத்தில் நடந்த பெண்கள், குருசாமி சொன்னதை மறுத்தால் வீட்டுக்குத்தான் ஆகாது என்று எனக்கு எடுத்துச் சொல்லி, கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப் போனார்கள். அன்பாகத்தான் கூட்டிப் போனார்கள்.

தாராபுரத்தில் தங்கல். சாப்பிட உட்கார்ந்தபோது அவன் என் பக்கம் சாய்ந்து, மிக உரக்கச் சொன்னான்: "தெரிஞ்சுக்கிட்டேனுங்கம்மா. மிஷின் ஓட ஓடக் கலந்தேனல்லங்க. மிஷின் எதையெல்லாம் மறைச்சுதோ அதையெல்லாம் ஏத்தி விட்டிருக்கறேன். பாட்டுல மிஷினும் ஒண்ணுன்னு நமக்குத் தெரியவே இல்லை. இங்க மிஷின் இல்லை, அதான் இப்படி." அவ்வளவு அவமானத்திலும், காரணம் பிடிபட்டதில் அவன் முகம் தெளிந்திருந்தது. "மெல்லப் பேசு சாமி" என்றேன். "மெல்லத்தானுங்க பேசறேன்" என்றான், அதே சத்தத்தில்.

மறுநாளும் அவனை ஏற்றினார்கள். அதே இடம், அதே பக்கம். பழநியில் மலையடிவாரக் கூட்டத்தில் அவனுக்கு இடது பக்கமாக நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கூட்டச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம் இருப்பதாகச் சொன்னான். நல்லெண்ணெய் காய்ச்சி விட்டேன். நாலு நாளில் போய்விடும் என்றார் என் கணவர். அவன் சொல்வது நின்றது. சத்தம் நின்றுவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எந்தக் காது எவ்வளவு கேட்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

பெரியவரிடம் போய்க் காரணத்தைச் சொன்னான். மிஷின் நிற்கும்போது இன்னொரு தடவை கலந்து தருகிறேன் என்றான்.

"மிஷினாலயா? அந்த மிஷின்தான் கண்ணு உனக்குச் சோறு போடுது." பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "சரி, மிஷின் எப்ப நிக்குதோ அப்பக் கலக்கு. நல்லா வந்தா அன்னைக்குச் சொன்ன சொல்லு சொல்லுதான். அது வரைக்கும் கீழ வந்து நில்லு."

அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. எக்ஸ்போர்ட் ஆர்டர்கள் குவிந்திருந்த காலம். கரண்ட் இருந்தால் மிஷின் ஓடும். கரண்ட் போனால் மிஷின் நிற்கும், கூடவே அவன் டெக்கும் மிக்ஸரும் நிற்கும். ஜெனரேட்டர் போட்டால் மறுபடி மிஷின் ஓடும். எங்கள் வீட்டில் கரண்டும் அமைதியும் ஒரே நேரத்தில் இருந்ததே இல்லை. டெக்கைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வெள்ளகோவில் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். மிஷினை விட்டு ஒரு நாள்கூட நகரக் கூடாது என்று உத்தரவு. கீழே மிஷினில் நின்றுகொண்டு, அமைதிக்காகக் காத்திருந்தான்.

அது வந்தது. நூல் விலை ஏறிப்போய், பனியன் கம்பெனிக்காரர்களெல்லாம் சேர்ந்து மிஷின்களை நிறுத்திவைத்தார்கள். பனியன் கடைத்தெருவான காதர்பேட்டையில்கூடக் கடைகள் பாதி அடைத்திருந்தன. பெரியவர் முதலாளிகள் கூட்டம் என்று அலைந்தார். மிஷின்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கரண்ட் இருந்தது. காலையில் அடுப்படியில் நின்றவள் கரண்டி வைத்த சத்தத்துக்கே திடுக்கிட்டேன்.

அவன் எனக்கு முன்பே எழுந்து அறைக்குப் போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

"அம்மா, இடது ஸ்பீக்கர்ல சத்தம் வரலீங்க. பின்னால வயரு கழண்டுருச்சா பாருங்க."

நான் குனிந்து பார்த்தேன். வயர் சரியாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரில் உடுக்கை தெளிவாகக் கேட்டது.

"வருதே."

"இல்லீங்கம்மா. ஏதோ துணி போட்டு மூடுன மாதிரி இருக்குது."

எழுந்து வந்து, வயரைப் பிடுங்கி, வலது பக்க வயரை இடது பக்கம் மாற்றிப் போட்டான். போய் நடுவில் உட்கார்ந்தான். "இப்பவும் அந்தப் பக்கம்தான் வரலை" என்றான். ஸ்பீக்கரையே தூக்கி இடம் மாற்றினான். மறுபடி உட்கார்ந்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகை ஸ்பீக்கருக்குக் காட்டி உட்கார்ந்து பார்த்தான். இப்போது மற்ற ஸ்பீக்கர் ஊமையாகியிருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தான். பாட்டு ஓடி முடிந்து, கேசட் டக்கென்று நின்றது. அந்த அமைதியில் அவன் மெதுவாகக் கேட்டான்: "உங்களுக்கு அந்தக் கொய்ங் கேக்கலீங்களா?"

கோயமுத்தூரில் காது டாக்டர் சத்தம் புகாத ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்துப் பார்த்தார். இடது காதில் நரம்பு அடிபட்டுவிட்டது, ஏதாவது வெடிச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தானா என்று கேட்டார். என் கணவர் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "நீங்க கூட இருந்தீங்களா?" என்றார். போனது திரும்பாது, வலது காதை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் மகன் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தான். அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த அவன் அப்பா வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என்ன சொன்னார் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மிஷின்கள் இன்னும் நின்றுதான் இருந்தன. அவன் கேசட்டைக் கலந்து முடித்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இடது பக்கம் என்ன வருகிறது என்று என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்தான். "உடுக்கை எங்க நிக்குது? குரலுக்குப் பின்னாலயா, பக்கத்துலயா?" நான் சொல்வேன். "இப்ப?" சொல்வேன். சில சமயம் தலையைத் திருப்பி, நல்ல காதைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் வைத்துச் சரிபார்ப்பான். என்மேல் எரிந்து விழுவான். "நல்லா இருக்குதுன்னு சொல்லாதீங்க. எங்க இருக்குதுன்னு சொல்லுங்க." முடித்தபோது பெரியவர் குரல் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. மிஷின் ஓடாத வீட்டில், முற்றிலும் அமைதியில். வெறுக்க நினைத்தும் அந்தக் குரல் என்னைக் கும்பிட வைத்தது.

பெரியவரை மாடிக்குக் கூப்பிட்டோம். வந்து நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். முடிந்ததும் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பனே முருகா. எங்குரலு இதுதான். இதுதான் எங்குரலு." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "சொன்ன சொல்லு சொல்லுதான் கண்ணு. மெட்ராஸுக்குக் கிளம்பு."

அவன் டெக்கிலிருந்து கேசட்டை எடுத்துக்கொண்டிருந்தான். அவருக்கு இடது பக்கத்தைக் காட்டி நின்றான். திரும்பவில்லை.

"கண்ணு, உன்னத்தான். மெட்ராஸுக்குப் போறயா?" பதில் இல்லாததைப் பார்த்து என் கணவரிடம் சிரித்தார். "பாத்தயா, ஒரு கேசட்டு நல்லா வந்ததும் பெரிய மனுசனாயிட்டாரு. நம்ம கூப்பிட்டாத் திரும்ப மாட்டாரு."

நான் சொன்னேன். டாக்டர் சொன்னதை, பெட்டிக்குள் உட்காரவைத்துப் பார்த்ததை, எந்தக் காது என்பதை. எந்த நாளில், எந்தக் குழாய்க்குப் பக்கத்தில் என்பதை. என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். மிஷின் ஓடாததால் தெருவரை கேட்டிருக்கும்.

பெரியவர் என்ன சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. எழுந்து, மகன் கையிலிருந்த கேசட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"அப்ப எதுக்கு அம்மிணி மெட்ராஸு?" என்றார் என்னிடம், சாந்தமாக. "காது கேக்காதவனை அனுப்பி வெச்சா அங்க நம்மளைத்தான் சிரிப்பாங்க. நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது." படியில் இறங்கும்போது திரும்பி, "மிஷின்ல நிக்கறவனுக்கு ஒரு காது போதும். இன்னஞ் சொல்லப் போனா நல்லதுதான்" என்றார். அதில் கிண்டல் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

மகன் என்னைப் பார்த்து, "என்னங்கம்மா சொன்னாரு?" என்று கேட்டான். கடைசியில் சொன்னது அவனுக்கு உண்மையாகவே கேட்கவில்லையா, கேட்டும் கேட்காததுபோல என்னைக் கேட்டானா, தெரியாது. "நல்லா இருக்குதுன்னாரு" என்றேன். அவன் மிக்ஸரின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான்.

நூல் பிரச்சினை தீர்ந்து மிஷின்கள் ஓடத் தொடங்கியபோது அவனும் கீழே போனான். இன்றும் அங்கேதான் நிற்கிறான். அடுத்த பூசத்துக்கும் அதற்கடுத்த பூசத்துக்கும் அந்தக் கேசட்தான் வண்டியில் ஓடியது. மற்ற ஊர்க் கூட்டங்கள் பிரதி கேட்டு வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை.

ஷிப்ட் தொடங்கியதும் நான் கீழே இறங்கி அவன் வலது காதைப் பார்க்கிறேன். பஞ்சு வைத்திருக்க மாட்டான். எத்தனை முறை சொன்னாலும் மாட்டான். இனி எதற்கு என்பான். நானே பஞ்சைத் திரட்டிக் கொண்டுபோகிறேன். மிஷின்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவன் ஏதாவது சொல்லிச் சிரிப்பான். வளர்ந்த ஆண்பிள்ளை, மீசை வைத்தவன், என் உயரத்துக்குக் குனிகிறான். நான் வைத்துவிட்டு மேலே வருகிறேன். வந்ததும், எடுத்துப் போட்டிருப்பானோ என்று மறுபடி படியில் இறங்குகிறேன்.